நடுப்பகல் வெயிலில் ஜோடிப் படம்: ஃப்ளாஷா, நிழலா?

புதுலென்ஸ்:
எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் கடைசியில் மரக்காணம் பக்கம் ஒரு கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். முகூர்த்தம் காலை ஏழரை ஒன்பது. சடங்கு, மேடையில் மொய், குடும்பப் படங்கள், சாப்பாடு என்று எல்லாம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் என் கைக்கு வரும்போது பதினொன்றரை ஆகிவிடும். ஒன்றரைக்குத் திரும்ப மண்டபத்தில் இருக்க வேண்டும், அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புகிறார்கள், அதனால் சாயங்காலம் என்ற பேச்சே இல்லை. அவர்களுக்கு உப்பளத்தில் படம் வேண்டுமாம். இன்ஸ்டாவில் யாரோ எடுத்த ஒரு படத்தைக் காட்டினார்கள், பார்த்தாலே தெரிகிறது அது மாலை ஆறு மணிப் படம்.

என்னிடம் இருப்பது ஒரு கிராப் சென்சார் கேமரா (ஷட்டர் 1/4000 வரைக்கும்தான் போகும்), 50 எம்எம் 1.8 லென்ஸ், கேமராவோடு வந்த கிட் லென்ஸ், ஒரு ஸ்பீட்லைட் (கேமரா மேல் மாட்டுகிற சின்ன ஃப்ளாஷ்). உதவிக்கு சித்தப்பா பையன் வருவான். கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, பெரிய ஃப்ளாஷ் வாங்குவதா, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ரிஃப்ளெக்டர் வாங்குவதா, இல்லை இரண்டுமே வேண்டாமா? போஸ் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது. வெயிலில் நிற்க வைத்தால் எல்லோருக்கும் கண் பாதிதான் திறக்கிறது.

கிழக்குக்கரை:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், ஃப்ளாஷ்தான். கோடாக்ஸ் ஏடி200 என்கிற பெரிய ஃப்ளாஷ் வாடகைக்கே கிடைக்கும். சூரியனை ஜோடியின் முதுகுக்குப் பின்னால் போடு, வானத்துக்கு எக்ஸ்போஷர் வை, முகத்தை ஃப்ளாஷால் தூக்கு. வானம் நீலமாக நிற்கும், தலைமுடி ஓரத்தில் கோடு மாதிரி வெளிச்சம் விழும், கஸ்டமருக்கு அதுதான் பிடிக்கும். ரிஃப்ளெக்டரைக் கடற்காற்றில் பிடித்து நிற்பது உன் சித்தப்பா பையனால் ஆகாது.

செட்_லைட்:
கிழக்குக்கரை சொல்வது நவம்பரில் சரி. ஏப்ரல் கடைசியில், மரக்காணத்தில், பன்னிரண்டு மணிக்கு சூரியனை யாருடைய முதுகுக்குப் பின்னால் போடுவது? அது நேரே உச்சந்தலைக்கு மேல் நிற்கும்.

இது பேச்சுக்குச் சொல்வது இல்லை. நம் ஊர்கள் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் சரியாக உச்சிக்கு வரும். சென்னைக்கு அது ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். மரக்காணம் கொஞ்சம் தெற்கு, அதனால் ஏப்ரலில் இரண்டு மூன்று நாள் முன்னால். அந்த நாட்களில் பன்னிரண்டைத் தாண்டி ஐந்து பத்து நிமிஷத்தில் ஒரு கம்பை நட்டுப் பார், நிழல் காலடியிலேயே கிடக்கும். மனிதருக்கும் அப்படித்தான். கண்குழி இரண்டும் கறுப்பாகும், மூக்கின் நிழல் மேலுதட்டின் மேல் மீசை மாதிரி விழும், நெற்றியும் மூக்கு நுனியும் வெளுத்துவிடும். ஆளை எந்தப் பக்கம் திருப்பினாலும் இதேதான், ஏனென்றால் பக்கம் என்ற ஒன்றே அப்போது இல்லை.

சினிமா செட்டில் பல வருஷம் லைட் வேலை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். நடுப்பகலில் க்ளோஸப் எடுக்கும்போது முதலில் லைட் ஏற்ற மாட்டார்கள், ஆர்ட்டிஸ்ட் தலைக்கு மேலே ஸ்கிம்மர் கட்டுவார்கள். வெள்ளைத் துணியை ஃப்ரேமில் இழுத்துக் கட்டியது, அவ்வளவுதான். அப்புறம் எதிரே தெர்மாகோல் பிடிப்பார்கள். வெயிலைக் கொன்ற பிறகுதான் மற்ற வெளிச்சத்தைப் பற்றிய பேச்சு.

தம்பிக்கு ஃப்ளாஷ் கணக்கும் சொல்லிவிடுகிறேன். நல்ல வெயிலில் லென்ஸ் திறப்பு எஃப் 16 (எண் பெரிதானால் துளை சின்னது), ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100, இது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு, இன்றைக்கும் மாறவில்லை. உன் கேமராவில் ஃப்ளாஷ் ஒழுங்காகச் சேர 1/200தான் எல்லை என்று வை, அப்போது எஃப் 11. சாதாரண ஸ்பீட்லைட்டுக்கு 35 எம்எம் ஜூமில் கைடு நம்பர் (ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் எண், எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம் மீட்டரில் வரும்) சுமார் 36. பதினொன்றால் வகுத்தால் மூன்று மீட்டர் சொச்சம். அதாவது முழு பவரில், குடையோ டப்பாவோ எதுவும் மாட்டாமல், மொட்டையாக அடித்தால்தான் மூன்று மீட்டரில் வெயிலுக்குச் சமமாக வரும். குடை மாட்டினால் இரண்டு ஸ்டாப் போச்சு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி), ஒன்றரை மீட்டருக்குள் வரவேண்டும், ஃப்ரேமில் குடையும் சேர்ந்து வரும். எஃப் 11 வைத்தால் பின்னால் இருக்கிற கரண்ட் கம்பம், பைக், டீக்கடை போர்டு எல்லாம் பளிச்சென்று தெரியும். பின்னணியை மங்கவைக்கத்தானே 50 எம்எம் 1.8 வாங்கினாய்?

கிழக்குக்கரை:
அண்ணா, அந்த எல்லையைத் தாண்டின வேக ஷட்டரிலும் ஃப்ளாஷ் அடிக்க ஹெச்எஸ்எஸ் என்று ஒன்று இருக்கிறது.

செட்_லைட்:
இருக்கிறது. அதைப் போட்டதும் ஃப்ளாஷ் தன் பலத்தில் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் இழக்கும், ஏனென்றால் ஒரே அடியாக அடிக்காமல் ஷட்டர் திரை நகர்ந்து முடிகிற வரைக்கும் பொடிப் பொடியாக அடித்துக்கொண்டிருக்கும். ஸ்பீட்லைட்டில் ஹெச்எஸ்எஸ் போட்டு உச்சி வெயிலோடு மல்லுக்கட்டினால் பத்துப் பன்னிரண்டு ஃப்ரேமில் சூடேறி நின்றுவிடும். ஏடி200 தாங்கும், அதை நான் மறுக்கவில்லை. ஹெச்எஸ்எஸ் வேண்டாம் என்றால் லென்ஸ் முன்னால் நாலு ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி) மாட்டு. எஃப் 2.8ல் 1/3200 தேவைப்படுகிற இடம் 1/200க்கு வந்துவிடும். ஆனால் என்டி ஃப்ளாஷ் வெளிச்சத்தையும் அதே அளவுக்குக் குறைக்கும், கேமராவுக்குள் வருகிற எல்லாவற்றையும்தானே அது குறைக்கிறது. பின்னணி மங்கும், ஃப்ளாஷ் மிச்சமாகாது. பாதிப் பேர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு என்டி வாங்குகிறார்கள்.

குளிர்நாட்டான்:
டொரொன்டோவில் இருந்து எழுதுகிறேன், படம் எடுக்கப் பழகினதும் இங்கேதான். தம்பி பார்க்கிற யூட்யூப் காணொளிகளில் பெரும்பகுதி எங்கட பக்கத்து வெயிலுக்குச் செய்தது, அதை அங்கே அப்படியே பாவிக்க ஏலாது. இங்கே டிசம்பர் கடைசியில் நடுப்பகல் சூரியனே தரையில் இருந்து 23 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். உங்களுக்கு ஏப்ரலில் பின்னேரம் நாலே முக்காலுக்கு இருக்கிற உயரம் அது. அதனால் இங்கத்தைக்காரர் 'சூரியனைப் பின்னால் வையுங்கோ' என்று நாள் முழுக்கச் சொல்லலாம், அவர்களுக்கு அது பலிக்கும்.

இன்னொன்று, கோல்டன் அவர் என்பது, சூரியன் மறைய முந்தின பொன்வெயில் நேரம். பெயரில்தான் ஒரு மணித்தியாலம். உங்கட ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நேர்குத்தாகக் கீழே இறங்கும், கடைசி ஆறு டிகிரியை இருபத்தைந்து நிமிசத்தில் கடந்துவிடும். இங்கே சரிந்து சரிந்து போகிறதால் நல்லாய் இழுபடும், குளிர்காலத்தில் இன்னும் கூட. போன வருசம் யாழ்ப்பாணம் வந்து அண்ணன் மகளின் சாமத்தியவீட்டுக்குப் பின்னேரப் படம் எடுக்க ஆயத்தப்படுத்தினால், பிள்ளை உடுப்பு மாற்றி வருகிறதுக்குள்ளேயே இருட்டிப்போச்சு.

மஞ்சள்சுவர்:
எல்லோரும் லைட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு மேக்கப்புக்கு உட்கார்ந்தவள், பட்டுப்புடவை, ஒட்டியாணம், பூவோடு ஒரு கிலோ ஜடை, அக்னிக் குண்டத்தின் எதிரே ஒன்றரை மணி நேரம். அவளைப் பன்னிரண்டு மணிக்கு உப்பளத்தில் நிறுத்தினால் எந்த போஸும் வராது, மயக்கம்தான் வரும். தம்பி, வெயிலில் நிற்கும் நேரம் மொத்தமாக இருபது நிமிஷம், அதுவும் இரண்டாகப் பிரித்து. நடுவில் ஏசி போட்ட கார், தண்ணீர், டிஷ்யூ. டிஷ்யூவால் ஒற்றச் சொல், தேய்த்தால் மேக்கப் போய்விடும். வேர்வை மினுமினுப்பு வெயிலில் வெள்ளைப் புள்ளியாக விழும், எடிட்டிங்கில் அதை எடுப்பது ஒவ்வொரு படத்துக்கும் தனி வேலை.

நான் புதுச்சேரியில் படம் எடுக்கிறேன், என் வேலையில் பாதி பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்தான். ஃப்ளாஷ் வைத்திருக்கிறேன், பையை விட்டு வெளியே வருவது அபூர்வம். நான் தேடுவது கூரை முடிகிற கோடு. வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், பள்ளிக்கூட வராந்தா, பெட்ரோல் பங்க் கூரை, எதுவானாலும் சரி. மேலே கூரை இருப்பதால் உச்சி வெயில் நின்றுவிடும். எதிரே வெயில் விழுகிற தரை இருக்கும், அங்கே பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் பக்கவாட்டிலும் கீழிருந்தும் முகத்துக்கு வரும். ஆளை நிழலுக்குள் ஒரு அடி, ஒன்றரை அடி உள்ளே நிறுத்தி, முகத்தை வெளியே பார்க்க வைத்து, நான் வெயிலில் நின்று எடுப்பேன். வெயில் எனக்கு, நிழல் அவர்களுக்கு. ஆளைப் பின்னுக்குத் தள்ளத் தள்ள வெளிச்சம் குறைந்துகொண்டே போகும், பின்னணி இருட்டிக்கொண்டே வரும். மண்டபத்துக்குள்ளே ஆழமாக இருந்தால் பின்னணி கறுப்பாகவே போய்விடும், ஸ்டுடியோ என்றுதான் நினைப்பார்கள்.

எந்தத் தரை என்பதும் முக்கியம். சிமெண்ட் தரை நல்லது, வெளுத்த மணல் இன்னும் நல்லது. செம்மண் என்றால் தாடைக்குக் கீழே ஆரஞ்சு ஏறும், புல்வெளி பச்சை ஏற்றும். எங்கள் ஊர் மஞ்சள் சுவருக்குப் பக்கத்தில் ஆளை நிறுத்தினால் ஒரு கன்னத்துக்கு மட்டும் மஞ்சள் காமாலை. பெயரே இப்படி வைத்துக்கொண்டு சொல்கிறேன், அந்தச் சுவர்கள் பின்னணிக்கு மட்டும்தான் லாயக்கு, பக்கத்தில் சாய்ந்து நிற்க இல்லை.

மரத்தடி என்று ஆசைப்படாதே. தென்னை, வேம்பு, புங்கை எதுவானாலும் இலை இடுக்கில் வெயில் வட்ட வட்டமாக விழும், மூக்கில் ஒன்று, கழுத்தில் ஒன்று. ஆலமரம், அடர்ந்த புளியமரம் என்றால் பரவாயில்லை, அதிலும் முகத்தில் புள்ளி விழாத இடத்தைத் தேடி நிறுத்த வேண்டும்.

இடம் பார்க்கிற சுலப வழி: உன் கை முஷ்டியை முகத்துக்கு எதிரே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்று. விரல் முட்டிகளின் நிழல் எங்கே மென்மையாகிறது என்று பார். அந்தத் திசையில்தான் முகம் திரும்ப வேண்டும். ஆளைக் கூட்டி வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.

நடுப்பகல்:
மஞ்சள்சுவர் சொல்வது எல்லாமே சரி, ஆனால் இதைப் படித்தால் வெயில் என்பது ஏதோ வியாதி மாதிரி இருக்கிறது. எல்லாப் படத்திலும் முகம் ஒரே மாதிரி மெத்து மெத்தென்று இருந்தால் மரக்காணத்துக்கு எதற்குப் போக வேண்டும், மண்டபத்து வாசலிலேயே எடுத்துவிடலாமே. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களை நான் நடுப்பகலில் எடுத்திருக்கிறேன். கடும் வெயிலில் தோலின் சுருக்கம், தோள் எலும்பு, நரம்பு எல்லாம் செதுக்கியது போல வரும். நிழல் கறுப்பாகவே இருக்கட்டும், எக்ஸ்போஷரை ஹைலைட்டுக்கு, அதாவது வெளிச்சமான இடத்துக்கு வை. கறுப்பு வெள்ளையாக மாற்று. முழு முகம் தெரிய வேண்டும் என்று யார் சொன்னது? குடையின் நிழல், கூரை ஓலையின் கோடு, இதெல்லாம் முகத்தில் விழுவதும் ஒரு படம்தான்.

மஞ்சள்சுவர்:
தோலின் சுருக்கமும் நரம்பும் செதுக்கியது போல வந்த படத்தைக் கல்யாணப் பெண்ணிடம் கொடுத்துப் பாருங்கள், மிச்சத் தொகை வருகிறதா என்று.

நடுப்பகல்:
அது நியாயம் :)
ஆனாலும் இரண்டு ஃப்ரேமாவது அப்படி எடுக்கச் சொல்வேன். தூரத்தில் நிறுத்தி, ஆளைச் சின்னதாக, உப்பு மேடுகள் பெரிதாக. முகமே தெரியாத தூரத்தில் கண்குழி நிழலைப் பற்றி யாருக்குக் கவலை. தம்பியிடம் கிட் லென்ஸ் இருக்கிறது, அதன் 18 எம்எம் முனை இதற்குத்தான்.

புதுலென்ஸ்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பழைய ஓட்டு வீடு இருக்கிறது, திண்ணையோடு, வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். உப்பளத்தில் கூரை என்று எதுவும் இல்லை, உப்பைக் குவித்து வைத்து ஓலை போட்டு மூடியிருக்கிறார்கள், தூரத்தில் சீமைக்கருவேலம். அங்கே முகம் தெரிகிற மாதிரி ஒரு படமாவது வேண்டும் என்று மாப்பிள்ளை பிடிவாதமாக இருக்கிறார். முகத்தை எப்படி வைக்கச் சொல்வது? சிலர் தாடையைத் தூக்கு என்கிறார்கள், சிலர் இறக்கு என்கிறார்கள், இரண்டையும் யூட்யூபில் கேட்டுவிட்டேன்.

செட்_லைட்:
இரண்டுமே சரி, சூரியன் எங்கே என்பதைப் பொறுத்தது.

சூரியன் முன்னால், உயரத்தில் இருந்தால் தாடையைத் தூக்க வேண்டும். அப்போதுதான் புருவத்தின் அடியில் வெளிச்சம் நுழையும், மூக்கின் நிழல் குட்டையாகும். நீயும் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டால் அவர்கள் உன்னைப் பார்க்கும்போதே முகம் தானாக மேலே வரும், "தாடையைத் தூக்குங்க" என்று சொல்லிச் சொல்லி அவர்கள் கழுத்தை விறைப்பாக்க வேண்டியதில்லை.

சூரியன் பின்னால், உயரத்தில் இருந்தால் தாடையைக் கொஞ்சம் இறக்க வேண்டும். முகம் நிழலில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எடுப்போம், வீட்டுக்கு வந்து பார்த்தால் மூக்கு நுனியில் மட்டும் சுண்ணாம்பு வைத்தது போல ஒரு வெள்ளை. நெற்றியைத் தாண்டி மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் வருவது அது. தலையை லேசாக முன்னால் சாய்த்தால் நெற்றி மூக்குக்குக் கூரையாகிவிடும். இதைக் கேமராவின் திரையில் பார்க்க முடியாது, வெயிலில் திரையே தெரியாது, கண்ணால் அந்த மூக்கையே பார். ஜோடியாக நிற்கும்போது இன்னொரு தொந்தரவு, உயரமானவரின் தலை நிழல் குட்டையானவரின் கன்னத்தில் பாதியாக விழும். இருவரும் நிழலில், இல்லாவிட்டால் இருவரும் வெயிலில். பாதிப் பாதி கூடாது.

நேரம் உன் கையில் கொஞ்சம் இருக்கிறது. பதினொன்றரையில் இருந்து பன்னிரண்டே முக்கால் வரைக்கும் அந்தத் திண்ணையை விட்டு நகராதே. அந்த நேரத்தில் வெளியே போனால் முன்னும் இல்லை பின்னும் இல்லை. ஒரு மணிக்கு உப்பளம் போ. சூரியன் உச்சியை விட்டு ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து டிகிரி என்ற கணக்கில் மேற்கே நகரும், ஒன்று இருபதுக்குப் பதினெட்டு டிகிரி வாக்கில் சாய்ந்திருக்கும். பெரிதாக ஒன்றும் இல்லைதான், ஆனால் எது பின்பக்கம் என்பதாவது தெரியும்.

அங்கே கூரை இல்லை என்றால் நீயே கொண்டு போ. எட்டு முழ வேட்டி ஒன்று, நல்ல வெள்ளை, சந்தனக் கலர் வேண்டாம். பிரிக்காமல் இரட்டையாகப் பிடித்தால் வெளிச்சம் ரொம்பக் குறையும், ஒற்றையாகப் பிரித்துக்கொள். கரை ஜரிகையோ பச்சையோ இருந்தால் அந்தப் பக்கத்தை மடித்துவிடு, இல்லாவிட்டால் நெற்றியில் அந்தக் கலர் இறங்கும். சித்தப்பா பையன் ஒரு பக்கம், மாப்பிள்ளைத் தோழன் ஒரு பக்கம், தலைக்கு இரண்டு மூன்று அடி மேலே இழுத்துப் பிடிக்கட்டும். ரொம்பத் தூக்கிவிட்டால் நிழல் மறுபடி கூர்மையாகும், தாழ்த்தினால் ஃப்ரேமில் தெரியும். காற்று அடித்தால் துணி படபடக்கும், அந்தச் சமயத்தில் எடுக்காதே, ஒரு மூச்சு விட்டு எடு.

கீழே உப்பு இருக்கிறதே, அதுதான் உன் தெர்மாகோல். இதைவிடப் பெரிய ரிஃப்ளெக்டரை எந்த கம்பெனியும் செய்து தரமாட்டான். மேலே வேட்டி, கீழே உப்பு, கண்குழிக்குள் வெளிச்சம் போய்விடும். ஒரே சிக்கல், வேட்டிக்கு வெளியே இருக்கிற உலகம் ஒன்றரை ஸ்டாப் ஏறி வரும். அதனால் பின்னணியில் உப்பு மேடு வேண்டாம், வெந்து போகும். நீ சொன்ன சீமைக்கருவேலக் கூட்டம் பின்னால் வருகிற மாதிரி நில், கரும்பச்சை ஒன்றரை ஸ்டாப் ஏறினாலும் தாங்கும்.

இன்னொன்று, பாத்திக்குள் இறங்காதே. வரப்பில் மட்டும் நில். சித்திரை மாதம் உப்பு வாருகிற நேரம், செருப்புக் காலோடு ஒரு பாத்தியை மிதித்தால் அந்த வாரத்து உப்பு சேறாகிவிடும். அங்கே வேலை செய்கிறவர்களிடம் முதல்நாளே போய்க் கேட்டுவிட்டு வா.

கிழக்குக்கரை:
வேட்டி நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே ஃப்ளாஷை கால்வாசி பவரில் அடித்தால் பின்னணியோடு சமமாகிவிடும், அதையும் சேர்த்துக்கொள் தம்பி. நிழலில் இருக்கிற முகத்துக்கு ஒரு ஸ்டாப் ஏற்ற ஸ்பீட்லைட் தாராளம், வெயிலோடு நேரே மோதினால்தான் போதாது.

செட்_லைட்:
இப்போது சொன்னீர்களே, இது சரி.

மொபைல்போதும்:
கேமரா இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் போனில் மட்டும்தான் எடுக்கிறேன். வெயிலில் போன் தானாக ஹெச்டிஆர் போட்டு நிழலை எல்லாம் தூக்கிவிடும், முகம் மாவு பூசியது போல ஆகிவிடும். முகத்தைத் தொட்டுப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வருகிற சூரியன் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் தோல் நிறம் திரும்ப வரும். லென்ஸை ஒருமுறை துடையுங்கள். பாக்கெட்டில் கிடந்த எண்ணெய்ப் பிசுக்கு சூரியனுக்கு எதிரே பிடித்தால் படம் முழுக்கப் புகை மாதிரி இழுத்துவிடும், பலர் இதைத் தெரியாமல் 'ட்ரீமி லுக்' என்கிறார்கள். கண்ணாடி போட்டவர்களை எப்படி எடுப்பது என்று யாராவது சொல்லுங்கள், என் மாமா வெயிலில் வந்தால் கண்ணாடி கறுத்துவிடுகிறது.

மஞ்சள்சுவர்:
அது வெயில் பட்டால் கறுக்கும் கண்ணாடி. நிழலுக்கு வந்ததும் உடனே தெளியாது, சில நிமிஷம் ஆகும். அதோடு அது கறுப்பது புற ஊதாக் கதிரால், திண்ணை நிழலில்கூட வானம் திறந்திருந்தால் பாதிக் கறுப்பில் நிற்கும். கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளையிடம் கேட்டுவிடு தம்பி, சாதாரணக் கண்ணாடி ஒன்று வைத்திருந்தால் அதைக் கொண்டுவரச் சொல். இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே கழற்றி வைத்துவிட்டு, எடுக்கிற நேரத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளட்டும்.

கண் கூசுவதற்கு: உப்பளத்தில் உன்னைப் பார்க்கச் சொன்னால் உனக்குப் பின்னால் இருக்கிற வெள்ளை முழுவதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். அவர்களைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல், முகத்தைத் தளர்த்தச் சொல், ஒன்று இரண்டு மூன்று, திறந்ததும் முதல் இரண்டு ஃப்ரேம்தான் உனக்கு. அதற்குப் பிறகு மறுபடி சுருங்கிவிடும். உன் முதுகுக்குப் பின்னால் யாராவது ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தால் பார்ப்பதற்கு இருட்டாக ஓர் இடம் கிடைக்கும், கண் இன்னும் கொஞ்சம் திறக்கும். எப்போதும் கேமராவைத்தான் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. ஒருவரையொருவர் பார்க்கட்டும், கீழே கையைப் பார்க்கட்டும். பார்வை இறங்கினால் இமை மூடியே இருக்கும், கூசவும் கூசாது, பார்க்க வெட்கம் மாதிரியும் இருக்கும்.

நிற்கிற விதம்: நேராக நிற்க வைக்காதே, அது ரேஷன் கார்டு படம். எடை பின்காலில், முன்முட்டி லேசாக மடங்கட்டும், தோள் கொஞ்சம் திரும்பட்டும். மாப்பிள்ளைக்குக் கை எங்கே வைப்பது என்றே தெரியாது, வேட்டி நுனியைப் பிடிக்கச் சொல், அதைவிட இயல்பான போஸ் நம் ஆண்களுக்குக் கிடையாது. பெண்ணின் கையில் மருதாணி இருக்கும், ஜடையை முன்னால் இழுத்துவிட்டு அதன் மேல் கை வைத்தால் இரண்டும் வந்துவிடும். பின்னிருந்து வெயில் வரும்போது மல்லிகையையும் முந்தானையின் மெல்லிய பகுதியையும் கவனி, வெளிச்சம் ஊடுருவி அவை தனியாகத் தெரியும். ஜிமிக்கியின் நிழல் மட்டும் கழுத்தில் கறையாக விழுகிறதா என்று பார்த்துக்கொள்.

அப்புறம் அரக்குச் சிவப்புப் பட்டு. ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டுகிற வெளிச்ச அளவு வரைபடம்) மொத்தத்தையும் பார்த்தால் பாதுகாப்பாகத் தெரியும், சிவப்பைத் தனியாகப் பார், அது மட்டும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டிருக்கும். அப்படி எடுத்தால் புடவையின் நெசவு, புட்டா எல்லாம் போய் ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும். இருபதாயிரம் முப்பதாயிரம் கொடுத்து எடுத்த புடவை, அம்மாக்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். முக்கால் ஸ்டாப் குறைத்து எடு.

கிழக்குக்கரை:
குறைத்து எடுத்தால் மாப்பிள்ளை கறுப்பாகத் தெரிகிறார் என்று ஆல்பம் திரும்பி வரும். நான் எப்போதும் கொஞ்சம் ஏற்றித்தான் எடுப்பேன், எடிட்டிங்கில் இன்னும் கொஞ்சம். கஸ்டமர் கேட்பதைக் கொடுக்க வேண்டியதுதானே.

நடுப்பகல்:
மாப்பிள்ளை கறுப்பாக இருந்தால் கறுப்பாகத்தான் தெரிவார், அதில் என்ன குறை? கருத்த தோலுக்கும் அவர் கட்டியிருக்கிற வெள்ளை வேட்டிக்கும் நடுவில் மூன்று நாலு ஸ்டாப் இருக்கும். முகத்தை ஏற்றினால் வேட்டியின் மடிப்பு போய்விடும், சட்டைப் பொத்தான்கூடத் தெரியாது. கருத்த தோல் அழகாக வருவது அதன் மேல் விழுகிற பளபளப்பால்தான். கன்ன எலும்பில், நெற்றி ஓரத்தில், பக்கவாட்டில் இருந்து ஒரு பெரிய வெளிச்சம் வழுக்கி வந்தால் போதும், தோலின் நிறம் முழுதாக இருக்கும், முகமும் துலக்கமாக இருக்கும். திண்ணை வெளிச்சம் அதைத்தான் செய்கிறது. எக்ஸ்போஷரை ஏற்றினால் சாம்பல் பூசிய முகம்தான் வரும்.

கிழக்குக்கரை:
சொல்வது சுலபம். ஆல்பம் டிசைன் செய்கிறவரே போன் போட்டு "கொஞ்சம் வெளுக்கட்டுமா" என்று கேட்கிறார்.

மஞ்சள்சுவர்:
கேட்கிறார்கள்தான். நான் ஒரு படத்தை இரண்டு விதமாகப் பிரிண்ட் போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன், எது என்று சொல்லாமல். போனில் காட்டினால் வெளுத்ததைத்தான் எடுப்பார்கள், காகிதத்தில் பெரும்பாலும் மாற மாட்டேன் என்கிறார்கள். பெரும்பாலும்தான், எப்போதும் இல்லை.

புதுலென்ஸ்:
வேட்டி, கறுப்புக் குடை, டிஷ்யூ எல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். ஏடி200 வாடகைக்குச் சொல்லவில்லை, ஸ்பீட்லைட்டே போதும் என்று தோன்றுகிறது. கடைசியாக ஒன்று, திண்ணையில் நேற்று சித்தப்பா பையனை நிறுத்தி எடுத்துப் பார்த்தேன். வெளிச்சம் அருமை, ஆனால் முகம் நீலமாக இருக்கிறது, சரி செய்தால் தாடைக்குக் கீழே பச்சை தெரிகிறது. வாசலில் வாழை மரம் இருக்கிறது. நிறத்தைக் கேமராவே சரிசெய்கிற ஆட்டோ வைட் பேலன்ஸ்தான் வைத்திருந்தேன்.

செட்_லைட்:
நீலம் வானத்தில் இருந்து வருவது. நிழலில் விழுவது சூரிய வெளிச்சம் இல்லை, வானத்தின் வெளிச்சம், அது ஏழாயிரம் கெல்வினுக்கு மேலே போகும். ரா ஃபைலில் (பிறகு நிறத்தைத் தாராளமாக மாற்றலாம்) எடு, வைட் பேலன்ஸை நிழலுக்கான ஷேட் செட்டிங்கில் பூட்டிவிடு. ஆட்டோவில் விட்டால் புடவைச் சிவப்பு ஃப்ரேமில் கூடக் குறைய அது ஒவ்வொரு படத்துக்கும் மாறும், நூறு படத்தை ஒரே நிறத்துக்குக் கொண்டுவர இரவு முழுக்க உட்கார வேண்டும். முதல் ஃப்ரேமில் பெண் கையில் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கொடுத்து எடுத்துக்கொள், கம்ப்யூட்டரில் அதைத் தொட்டால் மொத்தமும் சரியாகும்.

பச்சை வாழை இலையில் இருந்துதான், அதை எடிட்டிங்கில் எடுப்பது கஷ்டம், ஏனென்றால் முகம் முழுக்க இல்லை, தாடைக்கு அடியில் மட்டும் இருக்கிறது. வாசலில் வெயில் விழுகிற இடத்தில், ஃப்ரேமுக்கு வெளியே, இன்னொரு வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்துவிடு. அந்த வெள்ளை வெளிச்சம் பச்சையைவிடப் பலமாக வரும். நாலு மூலையிலும் செங்கல் வை, காற்று தூக்கிவிடும்.

புதுலென்ஸ்:
அப்போ வேட்டி இரண்டு. சரிண்ணா.

மஞ்சள்சுவர்:
மூன்றாக எடுத்து வை தம்பி, ஒன்றில் யாராவது பாயசம் கொட்டுவார்கள்.